முறைத்த கண்கள்

துவாரகாவில் குடியிருந்த ஹம்சாவுக்கு நாற்பத்தாறாவது வயதில் கண்கள் சிவக்கத் தொடங்கின. நவம்பர் மாதம். டெல்லியில் அப்போது யாருக்குத்தான் கண் சிவக்கவில்லை? புகைதான் காரணம் என்று சொட்டு மருந்து போட்டுக்கொண்டு அலுவலகம் போய்வந்தாள். காலையில் எழுந்தால் இமைகள் உப்பியிருக்கும். விழியின் இரண்டு ஓரங்களிலும் ரத்தக் குழாய்கள் புடைத்து நிற்கும்.

ஜனவரியில் ஒருநாள், மெட்ரோவில் எதிரே இருந்த குழந்தை அவளைப் பார்த்து வீறிட்டது. ஹம்சா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி சுரங்கத்துக்குள் போயிருந்தது. இருண்ட ஜன்னலில், இறந்து பதினோரு வருடமான அம்மா அவளையே வெறித்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் லிஃப்ட் கண்ணாடியில் அம்மா. அணைந்த கம்ப்யூட்டர் திரையிலும் அம்மா.

ஹம்சா வளர்ந்த சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அம்மா விஜயலக்ஷ்மிக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பிதுங்கிய கண்களுக்குப் பயந்து, கல்லூரி நாட்களில் ஹம்சா சமையலறைப் பக்கமே போகமாட்டாள்.

மார்ச்சில் ஹம்சாவின் சிவப்புப் புடவை இடது கண்ணுக்கு மட்டும் செங்கல் நிறமாகத் தெரிந்தது. அப்போதுதான் டாக்டரிடம் போனாள். டாக்டர் ஜெயகிருஷ்ணன் ஸ்கேனைக் காட்டினார்.

"தைராய்டு கோளாறோட வர்றதும்மா இது. கண்ணுக்குப் பின்னாடி தசையெல்லாம் வீங்கியிருக்கு. சுத்தி எலும்பு, வீக்கத்துக்கு இடமில்ல. உள்ள வர்ற ரத்தம் திரும்பிப் போக முடியாம குழாய்லயே தேங்கி நிக்குது. பார்வை நரம்பும் நசுங்குது, அதான் சிவப்பு மங்கிடுச்சு. உடனே வைத்தியம் ஆரம்பிக்கணும்."

"பாக்கறவாளுக்கு நான் முறைக்கற மாதிரி இருக்குமா?"

"இருக்கும். மேல் இமை இழுத்துக்கும். நீங்க சும்மா பாத்தாலும் அப்படித்தான் தெரியும். வீட்டுல வேற யாருக்காவது?"

'என்னடி இது, தக்காளியெல்லாம் சோகையா இருக்கு' என்று அம்மா கேட்டதும், 'ஒழுங்கா பாரும்மா' என்று தான் எரிந்து விழுந்ததும் ஹம்சாவின் நினைவுக்கு வந்தன.

"எங்கம்மாவுக்கு இருந்திருக்குமா டாக்டர்?"

"இருந்திருக்கலாம். பாக்காம எப்படிச் சொல்றது?"

வெளியே வந்ததும் புனேயில் இருந்த தம்பி அம்பிக்குப் போன் செய்தாள்.

"அம்மா நம்மள முறைக்கவே இல்லடா."

டாக்டர் சொன்னதையெல்லாம் அவனிடம் சொன்னாள். "அந்தப் பார்வைக்குப் பயந்துதானேக்கா நான் ஹாஸ்டலுக்கு ஓடினேன்," என்றான் அவன்.

பன்னிரண்டு வாரம், வாரம் ஒருமுறை நரம்பில் மருந்து ஏற்றினார்கள். சிவப்பு திரும்பிவந்தது. ரத்தக் குழாய்கள் அடங்கின. ஆனால் கண்கள் பிதுங்கியது பிதுங்கியதுதான்.

தீபாவளிக்கு அம்பி வந்தான். அவள் பரிமாறும்போது தட்டிலிருந்து தலையையே நிமிர்த்தவில்லை.

"அம்பி, என்னைப் பாருடா."

நிமிர்ந்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

"நான் ஒண்ணும் பண்ணலம்மா," என்றான்.

அக்கா என்று திருத்திக்கொள்ளக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.