கர்தினாலாக நின்ற என் மகள்

மகள் பள்ளிக்கூடத்தில் கர்தினாலாக நடிக்கப் போகிறாள் என்று கேட்டதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பாப்பரசருக்கு அடுத்த பதவி அது; மன்னார்க் கத்தோலிக்கப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்? பூசை முடிந்து கோயில் வாசலில் கண்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். நாங்கள் குடியேறிய இந்த வெளிநாட்டு நகரத்தில், அஜின்கோர்ட் கடையொன்றில் சிவப்புத் துணி வாங்கி அங்கியும் தைத்தேன். அந்த ஆள் என்ன செய்தவர் என்று கேட்கத் தோன்றவே இல்லை. கர்தினால் என்றால் நல்லவர்தானே!

அங்கியைப் போட்டுப் பார்க்கும்போதுதான் மகள் விளக்கினாள்.

"இவர் பிரான்ஸ் ராஜாவின்ர மந்திரி, அம்மா. பிரபுக்களின்ர கோட்டையளை இடிச்சு, பவர் முழுக்க ராஜாவின்ர கையில குடுத்தவர். எதிர்த்த ஒரு துறைமுக ஊரைச் சுத்தி வளைச்சு, கடலுக்க அணை கட்டி, சாப்பாட்டுக் கப்பலை மறிச்சவர். சனம் பட்டினியில செத்தது. வகுப்பில அவரை விசாரிக்கிற மாதிரி ஒரு வழக்கு. நான் அவராய் நிண்டு வாதாடி வெண்டாத்தான் முழு மார்க்ஸ்."

ஊரில் சண்டை முடிகிற வாரம் அது. என் தங்கை குடும்பத்தோடு, படை சுற்றி வளைத்த, சாப்பாடு போய்ச் சேராத கடற்கரையில் அடைபட்டிருந்தாள். ஒரு செய்தியும் இல்லை.

"உந்த ஆளுக்காகவோ நீ வாதாடப் போறாய்?" என்று கத்தினேன்.

"யூனிவர்சிட்டிக்கு அந்த மார்க்ஸ் வேணும், அம்மா."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மிச்சப் பொத்தான்களைத் தைத்துக் கொடுத்தேன்.

வழக்கைப் பார்க்கப் பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். லீவு போட்டுவிட்டு எங்கள் வீடிருக்கும் மல்வேர்னில் பஸ் பிடித்துப் போனேன். பிள்ளை வாதாடினாள் பாருங்கள்! ஆளுக்கொரு கோட்டை, ஆளுக்கொரு படை, அரசன் பலமாக இல்லாவிட்டால் நாடே சிதறிப்போகும் என்று அடுக்கினாள். என் ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் எதிர்ப்பக்கம் வாயடைத்துப் போனது நன்றாகவே விளங்கியது. அந்த ஆள் மீது எவ்வளவு கோபமோ, அவ்வளவு பெருமை எனக்கு என் பிள்ளை மீது.

கடைசியாகச் சொல்ல ஏதும் உண்டா என்று நீதிபதியாக இருந்த மாணவன் கேட்டான். இல்லை என்றிருந்தால் போதும், வென்றிருப்பாள். அவள் என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கட்டும் என்று ஆங்கிலத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்: அரசன் வென்றுவிட்டான், ஆனால் பசியில் செத்தவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை, நான் குற்றவாளி.

நான் எழுந்து நின்று தனி ஒருத்தியாகக் கை தட்டினேன். யார் பார்த்தால் எனக்கென்ன!

வெளியே வந்ததும், "மார்க்ஸ் குறையும், அம்மா" என்றாள்.

"குறையட்டும். சின்னம்மா கேட்டா எவ்வளவு பெருமைப்படுவா."

சொன்ன பிறகுதான், கேட்க என் தங்கை உயிரோடு இருக்கிறாளா என்பதே எங்கள் இருவருக்கும் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம் அம்மா, பெருமைப்படுவா" என்றாள்.