கடைசிப் பன்னிரண்டு அடி

படச்சுருள் கிடங்கில் அவருக்கு மூக்கர் என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அது பதிவேட்டோடு சரி. தகர டப்பாவின் மூடியை ஒரு விரற்கடை தூக்கி மோந்து பார்த்து, உள்ளே இருக்கும் சுருள் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். போர்க்காலத்துச் சுருள்கள் வைத்த இடத்திலேயே அழுகும். முதலில் படம் மங்கும். பிறகு தேன்போலப் பிசுபிசுக்கும். பிறகு கட்டி. கடைசியில் பழுப்புப் பொடி. அழுகல் பக்கத்துச் சுருளுக்கும் தொற்றும், முற்றவிட்டால் தீப்பிடிக்கும். அதனால் கிடங்கில் ஒரே விதி: கண்ட அன்றே வெட்டு, தண்ணீர்ப் பீப்பாயில் அமிழ்த்து, அட்டையில் எழுது. முப்பத்தாறு வருடம் அவர் பார்த்த வேலை அதுதான்.

"மூக்கரே, எங்க வீட்டுப் பால் திரிஞ்சிருச்சான்னு வந்து மோந்து சொல்லுங்களேன்" என்பார் வாசல் காவலர்.

"முதல்ல உன் சட்டையைத் துவைச்சுப் போடுய்யா. அது மூணாம் நிலையில இருக்கு" என்பார் இவர்.

அந்த வேலையில் அவர் சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய அம்மா.

போரின்போது அவருக்கு ஆறு வயது. ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ரயில் நடைமேடையில் மூட்டையும் முடிச்சுமாகக் கூட்டம். பையனைச் சித்தியோடு அனுப்பிவிட்டு, படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனாரைக் கூட்டிக்கொண்டு அடுத்த வண்டியில் வருவதாக அம்மாவின் ஏற்பாடு. வண்டிக்காகக் காத்திருந்தபோது, முக்காலியில் கேமரா வைத்திருந்த ஒருவர் அவர்கள் பக்கம் திரும்பினார். அம்மா குனிந்து பையனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். "படம் எடுக்கறாங்க பாரு. அழாதடா" என்றாள்.

அடுத்த வண்டி வரவில்லை. பாலத்தின் மேல் குண்டு விழுந்திருந்தது. வீடும் எரிந்தது, வீட்டிலிருந்த ஒரே புகைப்படமும் எரிந்தது. பையனுக்குக் குரல் நினைவிருந்தது. மார்பில் பட்ட விரல் நினைவிருந்தது. முகம் நினைவில்லை.

முகம் ஏதோ ஒரு டப்பாவில் இருக்கிறது என்று நம்பித்தான் கிடங்குக்குப் போனார். மேல்சீட்டில் ரயில் நிலையம் என்று எழுதிய டப்பா ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. மேசை விளக்கின் மேல் சுருளை வைத்து, ஒவ்வொரு படமாகப் பார்ப்பார். மாலையில் வீட்டுக்கு வந்து அவர் கைகழுவும் விதத்திலேயே அன்றும் கிடைக்கவில்லை என்று அவர் மனைவிக்குத் தெரிந்துவிடும்.

"மாமியார் இருந்திருந்தா நாலு சண்டை போட்டாவது ஆறியிருப்பேன். இல்லாத மாமியாரோட நான் எங்க போய்ச் சண்டை போடறது?" என்பாள்.

அவளும் போய்ச் சேர்ந்தாள். அவர் ஓய்வு பெற்றார். சுருள்களைக் கணினிக்கு மாற்றும் இயந்திரத்தில் மகள் வேலைக்குச் சேர்ந்தாள். அதே கிடங்கு.

அவருக்கு நுரையீரல் கெட்டுப்போயிற்று. டாக்டர் மகளைத் தனியே கூப்பிட்டு, இனி மாதக் கணக்கெல்லாம் இல்லை, வாரம்தான் என்றார். அதே வாரத்தில், செத்துப்போன ஒரு போர்க்கால ஒளிப்பதிவாளரின் குடும்பத்தார் அவருடைய குறிப்பேடுகளைக் கிடங்குக்குக் கொடுத்தார்கள். மூன்றாவது குறிப்பேட்டில் மகள் படித்தாள்: "டப்பா 212. கடைசிக் காட்சி. நடைமேடை. ஒரு பெண் பையனுக்குப் பொத்தான் போடுகிறாள். நிமிர்ந்து கேமராவைப் பார்க்கிறாள். 12 அடி."

சரிபார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது என்பது அவள் தொழிலின் பாலபாடம். அன்று அவள் சரிபார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். மகள் காட்சி விவரத்தை மட்டும் படித்தாள். மூன்று தடவை படிக்கச் சொன்னார்.

"நிமிர்ந்து பார்க்கறாளாமா? கேமராவையா?"

"அப்படித்தாம்பா எழுதியிருக்கு."

"பன்னெண்டு அடி. அடிக்குப் பதினாறு, நூத்தித் தொண்ணூத்திரண்டு படம். எட்டு செகண்டு." கணக்கு அவருக்கு மறக்கவில்லை. "போதும்மா. எட்டு செகண்டு தாராளம்."

நர்ஸ் மருந்தோடு வந்தாள். "என்ன தாத்தா, இன்னிக்கு முகத்துல பல்பு எரியுது?"

"நாளைக்கு எங்கம்மா வர்றாங்க. யாரையாவது கூப்பிட்டு எனக்குச் சவரம் பண்ணிவிடச் சொல்லும்மா."

மறுநாள் காலை மகள் 212-ஐ இயந்திரத்தில் ஏற்றினாள். டப்பாவின் மேல் "படைமுகாம்" என்று சீட்டு. முகாம், சமையல், துணி காயும் கயிறு. பிறகு நடைமேடை, மூட்டைகள், வண்டி வருவதைப் பார்க்கும் தலைகள். ஏதோ மின்னியது. திரை இருண்டது. பெண் இல்லை.

டப்பாவின் அட்டையை எடுத்தாள். நாற்பது வருடத்துக்கு முந்தைய கோடைத் தேதி. அப்பாவின் கையெழுத்து. "தொடக்கத்தில் 14 அடி முழு அழுகல். தலைப்பும் வெற்றுச் சுருளும் மட்டுமே. படம் இல்லை. வெட்டித் தண்ணீரில் இடப்பட்டது."

ஆனால் தலைப்பு அங்கேதான் இருந்தது, முதல் படத்துக்கு முன்னால், பத்திரமாக.

கிடங்கில் எந்தச் சுருளையும் தொடக்கம் வெளியே இருக்கும்படி சுற்றித்தான் அலமாரியில் வைப்பார்கள். வெளியடுக்கு அழுகினால் தலைப்புதான் போகும். அதற்கு யாரும் அழுவதில்லை. 212 படைமுகாமில் திரையிடப்பட்டு, திருப்பிச் சுற்றாமல் அப்படியே டப்பாவில் போடப்பட்ட சுருள். வெளியே இருந்தது முடிவு. குளிர்பதன இயந்திரம் நின்றுபோன அந்தக் கோடையில் ஒரே நாளில் நாற்பது டப்பாக்கள் வியர்த்தன. கட்டியாகிவிட்ட அடுக்கில் என்ன படம் தெரியும்? வழக்கத்தை நம்பி அப்பா வெட்டினார், மீதியை மூடிக் குளிர் அறைக்கு அனுப்பினார். அதற்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை.

அந்த மின்னலை மகள் படம் படமாக நகர்த்திப் பார்த்தாள். மூன்று படங்கள். ஒரு பையனின் சட்டை. பொத்தானில் இரண்டு விரல்கள். மேலே, குனிந்த ஒரு தலையின் வகிடு. அவ்வளவுதான்.

பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கிடங்கில் நடைமேடைப் பெண்களுக்கா பஞ்சம்? யாரைக் காட்டினாலும் அப்பாவுக்குத் தெரியப்போவதில்லை. 88-ஆம் டப்பாவிலிருந்து ஒருத்தியைத் தேர்ந்தெடுக்கவும் செய்தாள். நல்ல முகம். மடிக்கணினியில் இரண்டையும் ஏற்றிக்கொண்டு போனாள்.

அப்பா சவரம் செய்து, சட்டையின் எல்லாப் பொத்தானையும் போட்டுக்கொண்டு, தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து கேக்க விட்டுப்போச்சு. எந்த டப்பா?"

"இருநூத்திப் பன்னெண்டு."

கண்ணை மூடி யோசித்தார். "படைமுகாம் சீட்டு. அந்த வெயில் காலம். நான்தான் வெட்டினேன்." சட்டென்று கண்ணைத் திறந்தார். "பயப்படாத. தொடக்கம்தான் போச்சு. கடைசியில ஒண்ணும் ஆகலை."

மகள் மடிக்கணினியைத் திறக்கவில்லை. 88-ஆம் டப்பாப் பெண் உள்ளே தயாராக இருந்தாள். ஒரு விசை அழுத்தினால் போதும். விரல் எழவில்லை.

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருப்பிச் சுத்தாம அனுப்பிட்டானுங்களா?"

"ஆமாம்பா."

"தண்ணியிலயா போட்டேன்?"

அவர் வலது கையைத் தூக்கி, முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கர்னு பேரு வேற. நல்லா மோந்து பார்த்தேன். அழுகல்னு சொன்னேன்." மூச்சு இழுத்தது. "ஊரெல்லாம் தேடினேனே. கையில வெச்சிருந்தேனே, அம்மா."

மகளைத்தான் எப்போதும் அப்படிக் கூப்பிடுவார். அன்று யாரைக் கூப்பிட்டார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

மூன்று படங்களைக் காட்டினாள். எட்டில் ஒரு பங்கு நொடி. திரும்பத் திரும்ப ஓடும்படி வைத்திருந்தாள். விரல், பொத்தான், இருட்டு. விரல், பொத்தான், இருட்டு.

"நிறுத்து, நிறுத்து" என்றார். "ஓட விடாத. ஓடினா போயிடறா."

நிறுத்தினாள். திரையில் விரல்களின் மேல் அவர் தன் விரலை வைத்தார். மேலே நகர்த்தி வகிட்டைத் தொட்டார். அங்கிருந்து கொஞ்சம் கீழே இறக்கினார், முகம் இருக்கவேண்டிய இடத்துக்கு. அங்கே நிழல்தான் இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு அடி விட்டிருக்கக் கூடாதா, நான்?"

பதினோராம் நாள் போய்விட்டார். கடைசிவரை வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

மகள் வேலைக்குத் திரும்பியதும் 212-இன் அட்டையை எடுத்தாள். "தொடக்கத்தில்" என்பதை அடித்து "முடிவில்" என்று எழுதினாள். "படம் இல்லை" என்பதையும் அடித்தாள். அதற்குக் கீழே, அவருடைய கையெழுத்தை ஒட்டி, எழுதினாள்: "ஒரு பெண். ஒரு பையன். 189 படங்கள்."