ஜாகியா ஆபா நீக்கிய வரி

ஜாகியா ஆபாவைப் போல ஒரு பிடிவாதக்காரி டாக்காவிலேயே கிடையாது. ஆபா என்றால் அக்கா. பகலில் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. மாலையில், என்னைப் போலவே, எங்கள் வங்காள இணையக் கலைக்களஞ்சியத்தின் நிர்வாகி. அதற்குச் சம்பளம் இல்லை, நன்றி இல்லை, வசவு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். யார் எதை எழுதினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "எங்க அச்சாயிருக்கு?" என் சொந்த ஊர் ஆற்றைப் பற்றி நான் எழுதியதையே நீக்கிவிட்டார்.

"ஆபா, நான் அந்த ஆத்துல நீச்சல் பழகினவன்" என்றேன்.

"நீ அதுல முழுகியே போயிருந்தாலும் பேப்பர்ல வந்திருக்கணும் ஷௌகத்."

வம்பு வந்தது உளவு நிறுவனத்தைப் பற்றிய பக்கத்தில். அதன் பெயரை நாங்கள் போனில் சொல்வதில்லை. 'மாப்பிள்ளை வீட்டார்' என்போம். எப்போது வருவார்கள், எதற்கு முகம் சுளிப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? அந்தப் பக்கத்துக்கு 'நடுநிலை' என்ற புனைபெயரில் ஒருவர் காவல் இருந்தார். ஆள் யாரென்று தெரியாது. பேச்சில் தேன் ஒழுகும், கை மட்டும் கத்தரிக்கோலாக வேலை செய்யும். அவரோடு மல்லுக்கு நின்றவர் 'வடக்கத்தியான்' என்ற இன்னொருவர். அவர் சேர்த்தது ஒரே ஒரு வரி: ராணுவ ஆட்சியின்போது முகமதுபூரில் ஒரு வாடகை வீட்டில் இந்த நிறுவனம் ஆட்களை அடைத்து வைத்திருந்தது. நடுநிலை அதை நீக்குவார், வடக்கத்தியான் மறுபடி சேர்ப்பார். இந்தக் கூத்து வாரக்கணக்கில் நடந்தது. கடைசியில் ஆபா, ஆதாரம் இல்லை என்று அந்த வரியை நீக்கிவிட்டு, யாரும் தொடமுடியாதபடி பக்கத்தைப் பூட்டினார். "மாப்பிள்ளை வீட்டார் வீசின எலும்பு ருசியா இருக்கா?" அவருக்கு வந்த வசவுகளில் இதுதான் கொஞ்சம் மரியாதையானது.

அப்புறம் வடக்கத்தியான் முகமூடியைக் கழற்றினார். பக்கத்தின் விவாதப் பகுதியில், எல்லோரும் பார்க்க எழுதினார்: "என் பேர் லுத்ஃபர். பொகுராவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த வீட்டில் நான் இருந்தேன். பின்கட்டு அறை. பச்சைக் கண்ணாடி ஜன்னல், கீழ்மூலை உடைந்திருக்கும். அந்த ஓட்டை வழியாக ஒரு கொய்யா மரம் தெரியும். என்னோடு அனீஸ் என்று ஒரு பையன் இருந்தான். நான் வெளியே வந்தேன், அவன் வரவில்லை. இதற்குமேல் என்ன ஆதாரம் வேண்டும்?"

நடுநிலை உடனே பதில் போட்டார். அன்பரின் வேதனையை மதிக்கிறாராம். ஆனால் சொந்த அனுபவம் ஆதாரமாகாதாம். அப்படி ஒரு வீடே இருந்ததில்லையாம். எனவே ஒரு வாரத்துக்குள் நிர்வாகி தீர்ப்புச் சொல்லி, இனி பொய் பரப்புகிறவரை நிரந்தரமாகத் தடை செய்ய வேண்டுமாம். படித்தபோது எனக்குக் காது சுட்டது. கேவலம் என்னவென்றால், விதிப்படி அவர் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை நாங்கள் வழக்கமாகக் கூடும் லால்மாட்டியா டீக்கடையில் அன்று நானும் ஆபாவும் மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் திடீர் திடீரென்று வயிற்றுவலி வந்திருந்தது.

"அந்த மனுஷன் முகத்தைப் பாத்து பொய்யன்னு சொல்லப்போறீங்களா ஆபா?" என்று எடுத்த எடுப்பிலேயே பாய்ந்தேன்.

அவர் தட்டிலிருந்த சிங்காராவை, எங்கள் ஊர் சமோசாவை, பிட்டார். தின்னவில்லை.

"அந்தக் கண்ணாடிய ஒடைச்சது நான்தான்" என்றார்.

எனக்கு ஒன்றும் ஏறவில்லை.

"சின்ன வயசுல. கொய்யாவுக்குக் கல்லெறிஞ்சேன், குறி தப்பிருச்சு. அது எங்க வீடு ஷௌகத். பாபாதான் வாடகைக்கு விட்டாரு. ஏதோ கம்பெனிக் குடோனுன்னு சொன்னாங்க."

டீக்கடைக்காரன் வந்து மேஜையைத் துடைத்துவிட்டு நகரும்வரை ஆபா சிங்காராவைப் பொடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எழுதுங்க ஆபா! நீங்களே சாட்சி!"

"அவருக்கு ஒரு சட்டம், எனக்கு ஒரு சட்டமா? அவர் சொல்றது ஆதாரமில்லன்னா நான் சொல்றதும் ஆதாரமில்ல. என் பேரோட எங்கயாவது அச்சுல வரணும். வந்தா பாபா பேரும் வரும். தொண்ணூறு வயசு ஆவுது அவருக்கு. தெருவுல இன்ஜினியர் சாஹேப்னு சலாம் வெக்காத ஆள் கிடையாது."

"நல்ல சட்டம். ஒங்க பாபாவுக்குக் குடை பிடிக்குது" என்றேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனாலும் சரியாகத்தான் சொன்னேன். ஆபா எழுந்து ரிக்‌ஷா பிடித்துப் போய்விட்டார்.

நடுவில் மாப்பிள்ளை வீட்டார் மோப்பம் பிடித்துவிட்டார்கள். தலைமையாசிரியைக்கு ஒரு போன்: "உங்க கெமிஸ்ட்ரி டீச்சருக்கு ஒடம்பு நல்லாயிருக்கில்ல?" அவ்வளவுதான். ஆபா வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் நிற்கத் தொடங்கியது. அதில் உட்கார்ந்திருந்தவன் மணிக்கணக்காகக் கடலை தின்றான். பொய் சொல்வானேன், போனை அணைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கையில், ஆபாவே நிருபரிடம் போய்ச் சொன்னது பத்திரிகையில் வந்துவிட்டது. ஆபாவின் படம், பெயர், வீடு இருந்த தெரு, வாடகைக்கு விட்ட தகப்பனார் பெயர், எல்லாம். அன்று காலையே அவர் கலைக்களஞ்சியத்தில் எழுதினார்: "இந்த விவகாரத்தில் நான் சம்பந்தப்பட்டவள். நிர்வாகிப் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். முடிவை வேறொருவர் எடுக்கட்டும்."

வேறொருவர் என்றால் மிச்சமிருந்த நிர்வாகி நான்தான். பூட்டைத் திறந்து, வரியைச் சேர்த்து, பத்திரிகையின் பெயரையும் தேதியையும் கீழே போட்டேன். நடுநிலை நீக்கினார். ஒரு சாட்சி போதாதாம். நான் திரும்பச் சேர்த்தேன். அவர் மறுபடி நீக்குவதற்குள், வயிற்றுவலிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஆதரவு எழுதினார்கள். லுத்ஃபர் ஒரு எழுத்தும் எழுதவில்லை. எனக்குப் போன் செய்து, "இருக்கா இன்னும்?" என்று மட்டும் கேட்டார். "இருக்கு லுத்ஃபர் பாய்" என்றேன். அழுதார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆபா வீட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் வாசலில்தான் நின்றது. உள்ளே அவருடைய பாபா தொழுகைத் தொப்பியோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கண் பார்வை போய்விட்டது. தினமும் மகள்தான் பேப்பர் படித்துக் காட்டுவார். அந்தச் செய்தி வந்த ஒரு நாள் மட்டும், பேப்பர் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

"பள்ளிவாசல்ல யாரும் எனக்கு சலாம் சொல்லல. இமாம்கூட கையக் குடுக்கல. என்ன நடக்குதும்மா?" என்றார் கிழவர்.

ஆபா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். பிறகு போனை எடுத்து, பத்திரிகைச் செய்தியை வகுப்பில் பாடம் வாசிக்கிற அதே குரலில் படித்தார்: "அந்த வீடு மொஸ்லே உத்தீன் என்பவருக்குச் சொந்தமானது, கிடங்கு என்று நம்பி அவர் அதை வாடகைக்கு விட்டதாக அவருடைய மகள் கூறியுள்ளார்."

கிழவர் வெகுநேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். கத்தப் போகிறார் என்று நினைத்தேன்.

"'நம்பி'ன்னா போட்டிருக்கு?"

"ஆமா பாபா. நீங்க அப்படித்தான சொன்னீங்க."

"வாடகை வாங்க நான்தான் போவேன். ஒரு தடவ பின்கட்டுலேருந்து ஒருத்தன் தண்ணி கேட்டான். சின்னப் பையன் குரல். கெஞ்சினான். நான் கேக்காத மாதிரி வந்துட்டேன். அதப் போடலயா?"

ஆபாவின் முகத்தில் ரத்தம் இல்லை. அவருக்கும் அது அன்றுதான் தெரிந்தது.

"அது எங்கயும் அச்சாகல பாபா."

"அந்தப் பத்திரிகைக்காரன வரச்சொல்லு" என்றார் கிழவர். "இன்னிக்கே வரச்சொல்லு. விடிஞ்சா நான் மாத்திப் பேசிருவேன்."