இடது பக்கம் மூணு விரக்கடை

கட்டுமாவடியில் பைபர் படகு செய்கிற முனியசாமிக்கு வேலை படு சுத்தம். புத்திதான் சந்தேகப் புத்தி. டீக்கடையில் ரெண்டு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பான். பெண்டாட்டி ரம்யா போனில் ஒரு நிமிஷம் கூடுதலாகப் பேசினால் "யாரு?" என்று மூணு தடவை கேட்பான். அப்படி ஒரு ஜென்மம்!

ஆவூர் ஜெரால்டு சார் பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்துத் தானே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் பூட்டிக்கொண்டிருந்தார். பாடி முழுக்க பைபர் என்பதால் வண்டி இவன் கொட்டகைக்கு வந்தது. 'ஊர்ல ஆளே இல்லாத மாதிரி எங்கிட்ட ஏன் வந்தாரு?' என்று ரெண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் கை வைத்தான்.

வண்டியின் அடிச்சட்டமான சேசிஸை ஒரே உயரமுள்ள நாலு ஸ்டாண்டில் ஏற்றினான். சக்கரத்துக்கு மேலே வரும் மட்கார்டைத் தாங்குகிற கிளாம்புகளுக்குச் சாக்பீஸால் கோடு போட்டான். வலது பக்கக் கோட்டை அளந்து போட்டுவிட்டு, படகுக்குச் செய்கிற மாதிரியே தண்ணி நிரப்பிய டியூப்பைப் பிடித்து அதே மட்டத்தில் இடது பக்கமும் கோடு போட்டான். கோட்டின் மேல் வெல்டிங் வைத்தவன் மச்சினன் கோபிநாத், ரம்யாவின் தம்பி. சக்கரம் மாட்டி மட்கார்டை ஏற்றிப் பார்த்தால், ஐயையோ! டயருக்கு மேலே வலது பக்கம் ஒரு விரக்கடை இடைவெளி, இடது பக்கம் மூணு.

"வேணும்னே பண்ணியிருக்கான் சார். தனியாப் பட்டறை போடப் பாக்குறான், அதுக்கு எம் பேரக் கெடுக்குறான்" என்று ஜெரால்டு சாருக்கு முன்னாலேயே கத்தினான் முனியசாமி. கோபிநாத் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் இளமதிக்குக் காதுகுத்து. "மாமன் மடி இல்லாம எம்புள்ளைக்குக் காது குத்துவீங்களா? அவன் வரலைன்னா விசேஷமே வேணாம்" என்றாள் ரம்யா. அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

கோபிநாத் செய்த தப்பை அவளுக்குக் காட்டியே தீருவது என்று முனியசாமி சேசிஸை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி டியூப்பைப் பிடித்தான். தண்ணி ரெண்டு பக்கமும் கிளாம்பை ஒட்டிச் சரியாக நின்றது. மறுபடி பார்த்தான். அதேதான். எரிச்சலில் டியூப்பைக் கீழே போட்டான். கொட்டிய தண்ணி வண்டிக்கு அடியில் வலமிருந்து இடமாக விறுவிறுவென்று கடல் பக்கம் ஓடியது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படகைத் தள்ளி இறக்க வசதியாகக் கொட்டகைத் தரையைக் கடல் பக்கம் சரித்துப் போட்டவனே அவன்தான். வண்டி சரிவில் இடது பக்கம் தாழ்ந்து நிற்க, இவன் தண்ணிக்கு மட்டம் பார்த்து இடது கோட்டை மேலே ஏற்றிப் போட்டிருக்கிறான்.

இடது கிளாம்புகளை அறுத்து எடுத்தான். இந்தத் தடவை சேசிஸ் கம்பியிலிருந்தே டேப் பிடித்து அளந்து, ரெண்டு விரக்கடை இறக்கி வெல்டிங் வைத்தான். ரெண்டு பக்கமும் ஒன்றுபோல உட்கார்ந்தது. சாக்பீஸ் கோடெல்லாம் வெல்டிங்கில் எப்போதோ கருகிவிட்டது. சும்மா இருந்தால் தப்பு யாருடையது என்று ஒரு பயலுக்கும் தெரியாது. ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது. பைக்கை எடுத்துக்கொண்டு மச்சினனைத் தேடிப் போனான்.

கோபிநாத் மீன் இறங்குதளத்தில் ஐஸ் பெட்டிக்கு ஸ்டாண்டு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, தப்பு என்னோடது. தரை சரிவு."

"தெரியும் மச்சான். ஸ்டாண்டு வைக்கும்போதே பாத்தேன்."

"அப்பவே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

"சொல்லியிருந்தா? 'ஒன்னைய எவன்டா ஏத்தி விட்டான்'னுதான் கேட்டிருப்பீங்க."

முனியசாமி தலையைக் குனிந்துகொண்டான். கேட்டிருப்பான்தான்.

"ஞாயித்துக்கெழம வாரேன். புள்ள எம் மடியிலதான் உக்காரும். கொட்டகைக்கு மட்டும் இனிமே கூப்பிடாதீங்க."

முனியசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. கும்பிடப் போன கை பாதியில் நின்றது. "நெசமாத்தான் சொல்றியா? கடைசி நேரத்துல கால வாரிவிட மாட்டியே?" என்று கேட்டேவிட்டான், பாவி.

கோபிநாத் கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கிவிட்டுக்கொண்டு வெல்டிங்கைத் தொடர்ந்தான்.