வடக்கத்திக் காற்றுக்குக் காத்திருந்த கோட்டு

எங்கள் தெருவில் மின்விசிறி பழுது பார்ப்பவர் எவேலியோ. வாலிபத்தில் சைபீரியாவுக்கு மரம் வெட்டப் போனவர், திரும்பும்போது முழங்கால் வரை தொங்கும் ஒரு கம்பளிக் கோட்டுடன் வந்தார். எங்கள் கியூபாவில் அதைப் போட்டுக்கொள்ளத் தகுந்த நாள் எப்போதாவதுதான் வரும். மற்ற உடுப்பெல்லாம் எண்ணெய்க் கறை. ஆகவே சொய்லாவிடம் கல்யாணப் பேச்சை எடுத்தால் அந்தக் கோட்டில்தான் என்று முடிவு கட்டியிருந்தார்.

சொய்லா எதிர்வீட்டு விதவை. கொய்யாப்பழம் வைத்த பன் சுட்டு விற்பவள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த விசிறியைப் பழுது என்று சொல்லி அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தவள். ஒவ்வொரு நவம்பரிலும் வடக்கிலிருந்து குளிர்காற்று வருகிறது என்பார்கள். அது வழியிலேயே வெதுவெதுப்பாகிவிடும். கோட்டு பெட்டிக்குள் போய்விடும்.

இந்த வருஷம் புயல் பருவம் முடியப்போகிற நேரத்தில், தெற்கே ஜமைக்கா பக்கம் ஒரு புயல் நகராமல் கிடந்தது. ஊரெல்லாம் மழையும் புழுக்கமும். சனிக்கிழமை குளிர்காற்று இறங்கிப் புயலைக் கிழக்கே தள்ளிவிடும் என்றது ரேடியோ. ஞாயிறு காலை பஸ்ஸில் சொய்லா கமகுவே ஊரில் இருக்கும் அக்காளோடு வாழப் போகிறாள் என்றது தெரு.

சனிக்கிழமை மத்தியானமே எவேலியோ கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஓர் இலை அசையவில்லை.

பக்கத்துவீட்டு நிக்கனோரா எட்டிப் பார்த்தாள். "என்ன எவேலியோ, உன்னையே ஆவியில வேக வெச்சுக்கிறியா?"

"காத்து வருது. ரேடியோவுல சொன்னான்."

"ரேடியோக்காரன் வந்து பொண்ணு கேப்பானா? போய்யா!"

போனார். சொய்லா கதவைத் திறந்துபோட்டு மூட்டை கட்டிக்கொண்டிருந்ததால், பேசியதெல்லாம் தெருவுக்கே கேட்டது.

"ஐயோ, கரடி ஏதும் வந்துருச்சோன்னு பாத்தேன்!"

"இன்னைக்குக் குளிரும்னாங்க, சொய்லா."

"அதச் சொல்லவா வந்தே?"

அவர் மூக்கு நுனியிலிருந்து வேர்வை சொட்டியது. "இல்ல. போகாதே. போய்த்தான் ஆகணும்னா என்னையும் கட்டிக் கூட்டிட்டுப் போ."

சொய்லா கயிற்றை இறுக்கி முடிந்தாள். "அக்காளுக்கு வாக்குக் குடுத்துட்டேன், போகணும். அந்த ஊர்லயும் விசிறி கெட்டுப்போகத்தானே செய்யும்? மொதல்ல அதக் கழட்டு. மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?"

காற்று ஒரு நாள் தாமதமாக, ஞாயிறு விடியும்போது வந்தது. புயல் கிழக்கே ஒதுங்க, வானம் கழுவிவிட்டதுபோல நீலமாக இருந்தது. வழியனுப்ப வந்த நாங்கள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கினோம். சொய்லா அந்தக் கோட்டுக்குள் கணுக்கால் வரை புதைந்து பஸ் ஏறினாள். அவள் பின்னால், அரைக்கைச் சட்டையோடு விசிறி பழுது பார்க்கும் கருவிப் பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி எவேலியோ.

"குளிருதாய்யா?" என்று கத்தினாள் நிக்கனோரா.

"சே... சேச்சே... எ... எங்க குளிருது?" என்றார்.