தொட்டியோரத்துத் தும்பிகள்

எனக்கு அப்போது ஏழாவது மாதம். அம்பிட்டியவில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால், மலையிலிருந்து குழாயில் வரும் தண்ணீரைச் சேர்க்கும் சிமெந்துத் தொட்டி இருந்தது. அதைச் சுற்றிச் சேம்பு மண்டிக் கிடந்தது. உடம்பு எரிச்சல் தாங்காமல் அந்த வாரம்தான் விடியும் முன்பே குளிக்கத் தொடங்கியிருந்தேன்.

ஒருநாள் குளித்து முடித்து, வெளிச்சம் வந்த பிறகு திரும்பும்போது பார்த்தேன். தோலுரித்து வெளியே வந்திருந்த மூன்று தும்பிகள் சேம்புத் தண்டில் தொங்கின. மூன்றுக்கும் சிறகு கசங்கிச் சுருண்டிருந்தது. அடுத்த இரண்டு நாளும் அப்படித்தான்.

ஹேவாஹெட்டயில் மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் குளித்து வளர்ந்தவள் நான். தண்ணீருக்குப் பயந்ததே இல்லை. ஆனால் தும்பி தண்ணீருக்குள்தானே வளர்கிறது? மேலே மரக்கறித் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரைத்தான் ஏழு மாதமாக நானும் குடித்திருக்கிறேன்.

"ஏங்க, நம்ம புள்ளைக்கு ஏதும் ஆகியிருக்குமா?"

கணவர் பல் துலக்கிக்கொண்டே சிரித்தார். "தும்பியப் பாத்து யாராவது பயப்படுவாங்களா? பேராதனை ஆஸ்பத்திரியில ஸ்கேன் பண்ணி எல்லாம் சரின்னுதானே சொன்னாங்க."

சிரித்த வாயில் ஒன்று போடலாம் போலிருந்தது. இனித் தொட்டிப் பக்கமே போகமாட்டேன் என்றேன். எனக்காகப் பக்கத்து வீட்டுக் குழாயிலிருந்து முணுமுணுத்துக்கொண்டே வாளி வாளியாகச் சுமந்தார். சாயங்காலம் குளிக்கும் அவருக்கு மட்டும் தொட்டித் தண்ணீரே போதுமாம்.

நாலாம் நாள் காலை மனசு கேட்காமல் எட்டிப் பார்த்தேன். தண்டுகளில் ஐந்து தும்பிகள். எல்லாவற்றுக்கும் சிறகு நேராக விரிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று பறந்தது.

தண்ணீர் அதேதான். நான்தான் குளிக்க வரவில்லை. அவை தோலுரித்து, பிஞ்சுச் சிறகை விரித்துக் காய வைக்கும் நேரத்தில்தான் நான் பக்கத்தில் நின்று வாளி வாளியாக ஊற்றியிருக்கிறேன். போதாததற்கு ஈரப் பாவாடையையும் அந்தத் தண்டுகள் மேலேயே போட்டிருக்கிறேன். இருட்டில் எதையும் பார்க்கவில்லை.

"தண்ணியில ஒன்னுமில்லீங்க. நான்தான் கெடுத்திருக்கேன்."

"அப்பாடா, இனி நான் வாளி தூக்க வேண்டாம்!"

எனக்கும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. முன்பைவிட மோசமாகப் பயந்தேன். இன்னும் இரண்டு மாதத்தில், கழுத்துக்கூட நிற்காத ஒரு பிள்ளையைத் தூக்கி என் கையில்தான் கொடுக்கப்போகிறார்கள்.