ஏற்றத்தில் சடசடத்த லொறி

அந்த லொறியை உதைத்திருக்கிறேன், அதன் மேல் காறித் துப்பியிருக்கிறேன், ஒருநாள் முன்விளக்கைச் சுத்தியலால் நொறுக்கியும் இருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். புறநகரான ஒபர்வில்லியேயின் கிடங்கில் வெங்காயமும் அரிசியும் ஏற்றிக்கொண்டு லா சப்பலிலுள்ள தமிழ்க் கடைகளுக்கு வரும்போது, ரயில் பாலத்து ஏற்றத்தில் கொஞ்சம் அழுத்தினால் போதும், எஞ்சினுக்குள் சடசடவென்று சத்தம் கிளம்பும். தகரத்தில் கல் எறிந்த மாதிரி இருக்கும்.

என் மனைவிக்கு அது கல்லாகக் கேட்கவில்லை. போர் முடிந்து அடுத்த வருடம் வன்னியிலிருந்து என்னிடம் வந்து சேர்ந்தவள் அவள். முதல் நாளே அந்தச் சத்தத்துக்கு இருக்கையிலிருந்து சரிந்து, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு கீழே குந்திவிட்டாள். "இதுக்கை இனி ஏற மாட்டன்" என்றாள். மெட்ரோவுக்கும் வரமாட்டாள், நிலத்துக்குக் கீழே இறங்கினால் பதுங்குகுழி நினைவு வந்துவிடும். லொறியும் இல்லையென்றால் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் அறைக்குள் நாள் முழுக்கப் பூட்டிக்கொண்டு கிடப்பாள். இரண்டு கிழமை அப்படித்தான் கிடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கெஞ்சி ஏற்றி, மேடில்லாத தெருக்களால் சுற்றி, ஒபர்வில்லியேயில் நம்மவர் ஒருவருடைய வாகனம் திருத்தும் கராஜுக்குப் போனேன். சத்தம் ஒழிவதை அவள் நேரில் பார்க்கட்டும் என்று நினைத்தேன். கராஜ்கார அண்ணை பொனட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பழைய எஞ்சின் இப்பிடித்தான் தம்பி. மனிசியைப் பயப்பிடாமல் இருக்கப் பழக்கு."

அவர் வாயில் ஓங்கி ஒரு குத்து விட்டேன். உதடு கிழிந்து இரத்தம் வடிந்தது. அவர் விட்ட உதையில் நான் டயர் அடுக்கின் மேல் போய் விழுந்தேன். என் மனைவி சுவரோடு ஒட்டி நின்றாள். மூச்சு வாங்கி முடிந்ததும் அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, பொறி விழும் நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டை என் கையில் திணித்தார்.

"பிடி. பொறி முந்தி விழுது. பெற்றோல் நேரத்துக்கு முதலே வெடிக்குது."

நான் எஞ்சின் முன்னால் சுழலும் கப்பியில் இருந்த கோட்டுக்கு வெளிச்சம் பிடித்தேன். அவர் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் ஆணியைத் தளர்த்தி அதைத் திருப்பினார். முதல் தரம் திருப்பியது கூடிப்போய், பாலத்தில் ஓட்டிப் பார்த்தபோது லொறி இழுக்க மாட்டாமல் திணறியது. கெட்ட வார்த்தையில் இரண்டு பேரும் திட்டிக்கொண்டோம். மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, மூட்டைகளோடு மூன்றாவது தரம் ஏறியபோது சத்தம் அடியோடு நின்றுவிட்டது. எனக்கு அழுகை வந்தது.

கராஜுக்குத் திரும்பி வந்து, "ஏறும். இனிச் சத்தம் வராது" என்று அவளிடம் சொன்னேன். ஏறினாள்.

திருத்திய வாகனத்தை நாங்கள் தேங்காய் உடைக்காமல் எடுப்பதில்லை. அதற்கென்றே ஒன்று கொண்டுவந்திருந்தேன். உடைக்கப் போகிறேன் என்று அவளிடம் முன்கூட்டி ஒரு சொல் சொல்லத் தோன்றவில்லை. அன்றைய கோபம் மிச்சமிருந்த கையால் லொறியின் முன்னால் சீமெந்துத் தரையில் ஓங்கி அடித்தேன். சிரட்டை சிதறித் தகரக் கதவில் பட்டது. நிமிர்ந்து பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் அவளைக் காணவில்லை.

கதவைப் பிடுங்கித் திறந்தேன். கீழே சுருண்டு கிடந்தாள்.

"தேங்காய்தானே, எழும்பும்" என்று கத்தினேன்.

எழுந்தாள். என் கையைப் பார்த்தாள். கராஜ்கார அண்ணையின் வீங்கிய உதட்டைப் பார்த்தாள்.

"லொறி திருந்திட்டுது. நான் நடந்து வாறன்."

அறைக்கு வெளியே தனியாக ஓரடி வைக்காதவள் பாலத்தில் ஏறி நடந்தாள். நான் முதல் கியரில் பின்னால் ஊர்ந்தேன். ஏற்றம் முழுக்க எஞ்சின் ஒரு சத்தமும் போடவில்லை. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.